ஒரே பாக்கெட் ஏன் நான்கு முறை போகிறது? வயர்லெஸ் சென்சார் வலையமைப்பில் மறு அனுப்பலைத் தேடிப்பிடிக்கும் முழு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே ஓர் இறால் பண்ணை. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சென்சார்களைக் குளத்துக்கு ஒன்றாகக் கரையில் நட்டிருந்தோம். ஒரு நோடு, அதாவது சென்சாரும் சின்ன ரேடியோவும் உள்ள பெட்டி, தன் அளவைப் பாக்கெட் எனப்படும் சிறு தரவுப் பொட்டலமாக அடுத்த நோடிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும். இந்த ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு தாவல். இப்படிக் கைமாறிக் கைமாறிக் காவல் கொட்டகையில் இருக்கும், எல்லா அளவுகளையும் வாங்கிக்கொள்ளும் கேட்வேக்கு வந்து சேர வேண்டும். பகலில் எந்தக் குறையும் இல்லை. நள்ளிரவு தாண்டியதும் கடைசிக் குளத்தின் எண்கள் விட்டுவிட்டு வந்தன. மூன்று மணிக்கு மேல் வரவே இல்லை.

இறால் வளர்ப்பவர்களுக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. பாசியும் இறாலும் அடிமண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்ச, அளவு இறங்கிக்கொண்டே போய் விடியலுக்குச் சற்று முன்னால்தான் மிகக் கீழே போகும். வனாமி இறாலுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையவிடக் கூடாது என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. தேவைப்படும் இரண்டு மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும் சென்சாரால் என்ன பயன்?

பதிவுகளைத் திறந்தேன். கடைசி நோடின் மறு அனுப்பல் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியிருந்தது. உடனே, மறு அனுப்பல் வரம்பை 3-இலிருந்து 7-ஆக உயர்த்தினேன். அன்றிரவு நடுக் குளங்களின் எண்களும் காணாமல் போயின. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த இரவுதான். பாக்கெட் எந்த இடத்தில், எந்த விதமாகத் தொலைகிறது என்று எண்ணிப் பார்க்காமல் அந்த வரம்பைத் தொடவே கூடாது. எண்ணுவது எப்படி, எண்ணியதை வைத்து எங்கே கைவைப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஒரு தாவலுக்குள் என்ன நடக்கிறது

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவோம் அல்லவா, அதே ஏற்பாடுதான் இங்கும். அனுப்பும் நோடு காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் பாக்கெட்டை விடும். பெறும் நோடு சிறிய ஒப்புகை ஒன்றைத் திருப்பி அனுப்பும். ஒப்புகை வரவில்லையென்றால் அதே பாக்கெட் மறுபடி போகும்.

இப்படிப்பட்ட குறைந்த மின்சார ரேடியோக்களுக்கான ஐ.இ.இ.இ. 802.15.4 தரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் விநாடிக்கு 250 கிலோபிட். ஒரு பாக்கெட் அதிகபட்சம் 127 பைட். தலைப்பகுதியாகச் சேரும் 6 பைட்டையும் கூட்டினால் அது காற்றில் இருக்கும் நேரம் 4.256 மில்லிவிநாடி. ஒப்புகைக்காகக் காத்திருப்பது 0.864 மில்லிவிநாடி மட்டுமே. தரத்தின் இயல்பான அமைப்பில் மறு அனுப்பல் 3 முறை. முதல் முயற்சியையும் சேர்த்தால் 4.

ஒரு முயற்சி தோற்கும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு முயற்சிகளும் தோற்பது 0.3-இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.0081. ஒரு தாவலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிடும். ஐந்து தாவல் தாண்டியும் 96 விழுக்காடு சேரும். தோல்வி 50 விழுக்காடாக உயர்ந்தால் ஒரு தாவலில் 93.75 விழுக்காடு, ஐந்து தாவலில் 72 விழுக்காடு. மறு அனுப்பல் எவ்வளவு மோசமான இணைப்பையும் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நமக்குத் தெரியும்போது இணைப்பு ஏற்கெனவே பாதி கெட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. நான்கு முயற்சிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் முயற்சிக்கு முன் வரும் தற்செயல் காத்திருப்பு அதிகபட்சம் 7 நேரத்துண்டு, ஒன்றுக்கு 0.32 மில்லிவிநாடி. காற்று அமைதியாக இருந்தால், மிகப் பெரிய பாக்கெட்டுக்குக்கூட நான்கு முயற்சிகளும் சுமார் 30 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். வழியில் ஒரு மனிதர் வந்து நின்றாலோ, அருகில் வைஃபை ஒரு பெரிய தரவைக் கொட்டிக்கொண்டிருந்தாலோ, நான்கும் ஒரே குழியில் விழும். வரம்பை 7-ஆக உயர்த்தினாலும் சுமார் 60 மில்லிவிநாடிதான். பூட்டிய கதவை எட்டு முறை வேகமாகத் தட்டுவதற்கும் நான்கு முறை தட்டுவதற்கும் பெரிய வேறுபாடில்லை. தெருவில் உள்ள மற்றவர்களின் தூக்கம்தான் கெடும்.

படி 1: எண்ணத் தொடங்குங்கள்

"மறு அனுப்பல்" என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அண்டை நோடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்த எண்ணிக்கைகள் வேண்டும்: மேலடுக்கு (ரேடியோவுக்கு மேல் இயங்கும் மென்பொருள்) அனுப்பச் சொன்னவை, உண்மையில் காற்றில் விடப்பட்டவை, ஒப்புகை வந்தவை, ஒப்புகை வராதவை, காற்று ஓயாததால் விடப்படாமலே போனவை, காத்திருக்கும் வரிசை நிரம்பித் தள்ளப்பட்டவை. பெறும் பக்கத்தில் இரண்டு: வந்து சேர்ந்தவை, அவற்றில் ஏற்கெனவே வந்த பாக்கெட்டின் நகல்கள்.

இவற்றை எப்படி வெளியே எடுப்பது? சீரியல் கேபிளில் அச்சிடத்தான் கை போகும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடி ஆகும். 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கு 7 மில்லிவிநாடி. முழு பாக்கெட் ஒன்று காற்றில் இருக்கும் நேரத்தைவிட இது அதிகம். ஒப்புகையை மென்பொருளே அனுப்பும் அமைப்பாக இருந்தால், அச்சிடும் வரியே ஒப்புகையைத் தாமதப்படுத்தி மறு அனுப்பலை உண்டாக்கிவிடும். ஆகவே எண்ணிக்கைகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்சார் அளவோடு சில பைட்டுகளாக ஒட்டி அனுப்புங்கள். நேர முத்திரை கட்டாயம் வேண்டும். எத்தனை தொலைந்தன என்பதைவிட எப்போது தொலைந்தன என்பது பல நேரங்களில் அதிகம் சொல்லும்.

காற்றில் போகும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் ஸ்னிஃபர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. அதே சிப் உள்ள உபரி நோடு ஒன்றில் ஸ்னிஃபர் ஃபர்ம்வேர் ஏற்றி, கணினியில் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால் போதும். அதை வைக்க வேண்டிய இடம் பெறும் நோடின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில். அனுப்பும் நோடின் பக்கத்தில் வைத்தால் எல்லாப் பாக்கெட்டும் அழகாகக் கேட்கும், பழுது தெரியாது. ஒரே அனுப்புநர், ஒரே வரிசை எண், மில்லிவிநாடிகள் இடைவெளி என்றால் அது மறு அனுப்பல். வரிசை எண் 8 பிட் மட்டுமே என்பதால் 256 பாக்கெட்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். நேரத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

மின்சாரத்தைச் சேமிக்க நோடு பெரும்பாலும் ரேடியோவை அணைத்துவைத்திருக்கும் அமைப்பு உங்களுடையதா? அப்படியானால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சென்சார் நோடுகளுக்கான இயங்குதளமான பழைய கான்டிகியின் கான்டிகிமேக் போன்ற முறைகளில், பெறுபவர் விழிக்கும் வரை அனுப்புபவர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருப்பார். அது வடிவமைப்பு, பழுதில்லை. ஸ்னிஃபரில் வரிசையாக நகல்களைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு வாரத்தை வீணடித்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: எந்த விதமான சாவு என்று பிரித்துப் பாருங்கள்

பாக்கெட் நான்கு விதமாகச் செத்துப்போகும். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

வாசலையே தாண்டாதது முதல் வகை. காற்று ஓயவில்லை என்று ஐந்து முறை கேட்டுப் பார்த்துவிட்டு நோடு கைவிட்டுவிடும். "விடப்படாமலே போனவை" எண்ணிக்கை ஏறியிருக்கும். இங்கே ஆன்டெனாவை உயர்த்துவதால் பயன் குறைவு. குறுக்கீடு, நெரிசல் இரண்டையும் பாருங்கள். காற்று ஓய்ந்ததா என்று முடிவுசெய்யும் வரம்பையும் பாருங்கள். சிசி2420 என்ற ரேடியோ சிப்பில் இயல்பான வரம்பு மைனஸ் 77 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு). யாராவது அதை மிகக் கீழே இறக்கிவைத்திருந்தால், தொலைவில் உள்ள சின்ன இரைச்சலுக்குக்கூட நோடு வாயைப் பொத்திக்கொள்ளும்.

இரண்டாவது, பாக்கெட் போகும் வழியில் தொலைவது. அனுப்பும் பக்கம் ஒப்புகை வராதவை ஏறும். பெறும் பக்கம் நகல்கள் ஏறாது.

மூன்றாவதில் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புகைதான் தொலைந்தது. பெறும் பக்கத்தில் நகல் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். தரவு சேதமின்றி வந்துகொண்டே இருக்கும், பேட்டரி மட்டும் விரைவாகத் தீரும். இதற்குப் பெரும்பாலும் ஒருதலை இணைப்பு காரணம்: ஒரு நோடின் அனுப்பும் திறன் அமைப்பு வேறாக இருக்கும், அல்லது அனுப்பும் நோடு இருக்கும் இடத்தில் இரைச்சல் அதிகமாக இருக்கும்.

நான்காவதுதான் மிகவும் கெட்டது. ஒப்புகை வந்துவிடும், பாக்கெட் மட்டும் மேலே போயிருக்காது. பல சிப்களில் ஒப்புகையை வன்பொருளே அனுப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் மென்பொருளின் வரிசையில் இடமிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வரிசை நிரம்பியிருந்தால் பாக்கெட் குப்பைக்குப் போகும், அனுப்பியவரோ வேலை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருப்பார். மறு அனுப்பல் எண்ணிக்கை சுத்தமாக இருந்தும் தரவு குறைந்தால் இங்கே தேடுங்கள்.

இதற்கு ஒரு கிளைக்காரணமும் உண்டு. பழைய வடிவ ஒப்புகை 5 பைட்தான். அதில் யாருடைய முகவரியும் கிடையாது, வரிசை எண் மட்டுமே இருக்கும். இரண்டு நோடுகள் ஒரே நேரத்தில் ஒரே வரிசை எண்ணோடு அனுப்பினால், ஒருவருக்கு வந்த ஒப்புகையை மற்றவர் தனக்கென்று எடுத்துக்கொள்வார். எல்லா நோடும் ஒரே வேளையில் உயிர்பெற்று வரிசை எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இது நடக்க வாய்ப்பு கூடுகிறது. தொடக்க எண்ணைத் தற்செயலாக வையுங்கள். ஒரு வரி மாற்றம்தான்.

படி 3: கரைக்குப் போய்ப் பாருங்கள்

திரையை மூடிவிட்டு நோடு இருக்கும் இடத்துக்குப் போங்கள். என் அனுபவத்தில் பாதிக் கோளாறுகள் அங்கே கண்ணுக்கே தெரிகின்றன.

பெட்டியைத் திறந்ததும் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் கடைசிக் குளத்துப் பெட்டியின் மூடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள் கோத்திருந்தன. ஆன்டெனா திருகும் பித்தளை இணைப்பியின் மரைகளுக்கு நடுவே பச்சைப் பொடி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் ஒட்டியது. உப்புக்காற்று வீசும் ஊரில் ரப்பர் வளையம் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. இணைப்பியைத் துடைத்துத் திருகிய பின் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றுங்கள். கேபிள் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள்.

ஆன்டெனா எல்லா நோடிலும் ஒரே திசையில், செங்குத்தாக நிற்க வேண்டும். பெட்டியைக் கரையில் படுக்கவைத்துவிட்டு, அடுத்த நோடை நிற்கவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சரியாகக் கேட்காது.

அடுத்தது உயரம். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையில் அலை ஒற்றைக் கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த சுருட்டுப் போன்ற இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஃபிரெனெல் மண்டலம் என்று அதற்குப் பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தொலைவுக்கு அதன் நடு ஆரம் சுமார் 1.75 மீட்டர், 200 மீட்டருக்குச் சுமார் 2.5 மீட்டர். இதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நாங்கள் நட்டிருந்த குழாய்கள் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்தான். 100 மீட்டர் நீளக் குளத்துக்கு அது விளிம்பில் நிற்கும் ஏற்பாடு. இந்தக் கடற்கரையில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை; 3 மீட்டர் உயரம் வெளியே நிற்கும்படி நடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த மாவட்டம் இது, ஆகையால் ஆழமாகவே நடுங்கள்.

சிக்னல் வலிமை, இணைப்புத் தரம் இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வலிமை குறைந்து தரமும் குறைந்தால் தொலைவு, தடை, ஆன்டெனா. வலிமை நன்றாக இருந்தும் பாக்கெட் சாகிறதென்றால் குறுக்கீடு. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வலிமை அளவு வந்துசேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டுமே பதிவாகிறது. செத்துப்போனவற்றின் வலிமை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சராசரி அழகாக இருக்கிறது என்று நிம்மதியடையாமல் மணிவாரியாக, எத்தனை பாக்கெட்டின் சராசரி அது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். சிசி2420-இன் கேட்கும் எல்லை ஏறத்தாழ மைனஸ் 95 டிபிஎம். மைனஸ் 85-க்குக் கீழே ஓடும் இணைப்பை நான் நம்புவதில்லை.

எங்கள் பண்ணையில் விடை காவலாளியிடம் இருந்தது. இரவு எட்டு மணிக்குக் கரையில் நின்று நான் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அவர் டீ கொடுத்துக்கொண்டே, "தம்பி, இப்போது இரண்டு ஏரேட்டர்தான் ஓடுகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாவற்றையும் போட்டுவிடுவோம், அப்போது வந்து பாருங்கள்" என்றார். ஆக்சிஜன் இறங்கும் நேரத்தில், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களின் துடுப்புச் சக்கரங்கள் எல்லாம் சுழன்று நீரை வாரியடிக்கின்றன. 1 மீட்டர் உயரத்தில் போகும் அலையின் பாதையில், சரியாக நடுவில், நீர்த்திரை எழும்புகிறது. நள்ளிரவுப் புதிர் அங்கே தீர்ந்தது. வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் எந்த நேரத்தில் என்ன மாறுகிறது என்று கேளுங்கள்; நெற்பயிர் உயர்வதும், லாரி வந்து நிற்பதும், உப்பனாற்றில் நீர் ஏறி இறங்குவதும் ஸ்னிஃபரில் தெரியாது.

படி 4: காற்றில் யாரெல்லாம் இருக்கிறார்கள்

802.15.4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை 16 சேனல்கள். 11-ஆம் சேனல் 2405 மெகாஹெர்ட்ஸில் தொடங்க, 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 26-ஆம் சேனல் 2480-இல் முடிகிறது. வைஃபையின் 1, 6, 11 சேனல்களின் நடுப்புள்ளிகள் 2412, 2437, 2462. அவற்றின் இடுக்குகளில் விழுவது நம் 15, 20, 25, 26. இந்தியாவில் வைஃபை 13-ஆம் சேனல் வரை போகலாம். அதன் நடுப்புள்ளி 2472. பக்கத்து ரவுட்டர் 13-இல் இருந்தால் 25-உம் கெட்டுவிடும், ஆகையால் புத்தகத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். நோடு ஒன்றை வைத்து 16 சேனல்களிலும் மாறி மாறி ஆற்றல் அளவைப் பதிவுசெய்யச் சொல்லி ஒரு முழு நாள் விடுங்கள். கேட்வேக்குப் பக்கத்தில் ஒருமுறை, கடைசி நோடின் பக்கத்தில் ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகாது.

பண்ணைகளில் முதல் சந்தேகநபர் கண்காணிப்பு கேமரா. காவல் கொட்டகையின் கூரையிலேயே கேமரா, ரவுட்டர், நம் கேட்வே மூன்றையும் அடுத்தடுத்து மாட்டிவைப்பார்கள். ரவுட்டரை 1-ஆம் சேனலுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் கட்டிவைத்து, சென்சார்களை 25 அல்லது 26-க்கு மாற்றி, ஆன்டெனாக்களைச் சில மீட்டர் பிரித்தாலே பெரிய மாற்றம் தெரியும். சில மாட்யூல்களில் 26-ஆம் சேனலில் அனுப்பும் திறன் குறைத்துவைக்கப்பட்டிருக்கும். மாற்றும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள்.

படி 5: எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்களா

ஒவ்வொரு நிமிடமும் சரியாகப் பூஜ்ய விநாடியில் அளவெடுத்து அனுப்பும்படி எழுதுவது நமக்கு வசதி. அது காற்றுக்கு நெரிசல். அனுப்பும் நேரத்தோடு சில விநாடித் தற்செயல் தாமதத்தைச் சேருங்கள். அளவெடுத்த நேரத்தைப் பாக்கெட்டுக்குள் எழுதிவிட்டால் தரவுக்கு ஒரு குறையும் வராது.

ஒருவரையொருவர் கேட்க முடியாத இரண்டு நோடுகள் நடுவில் உள்ள ஒரே தாய் நோடுக்கு (தங்கள் பாக்கெட்டைக் கேட்வே நோக்கிக் கைமாற்றிவிடும் நோடுக்கு) அனுப்பும் நிலையையும் பாருங்கள். பம்பு கொட்டகைக்கு இருபுறமும் உள்ள குளங்கள் அப்படிப்பட்டவை. இருவரும் காற்று ஓய்ந்திருக்கிறது என்று நம்பி ஒரே நேரத்தில் விட, இரண்டும் தாயிடம் மோதி உடையும். இங்கே வரம்பைக் கூட்டினால் மோதலும் கூடும். என் முதல் தவறு நடுக் குளங்களையும் கவிழ்த்தது இப்படித்தான்: கடைசி நோடின் வீண் முயற்சிகள் காற்றை அடைத்தன, நடு நோடின் வரிசை நிரம்பியது.

படி 6: வழித்தடம் நிலையாக இருக்கிறதா

இணைப்புகள் நன்றாக இருந்தும் மறு அனுப்பல் குறையவில்லையென்றால், பாதையைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டிங்குக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் பொறுமை தேவை.

பாதையின் செலவை அளக்க இன்று பரவலாகப் பயன்படுவது இ.டி.எக்ஸ்., அதாவது ஒரு பாக்கெட்டைச் சேர்க்க எதிர்பார்க்கப்படும் அனுப்பல்களின் எண்ணிக்கை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2003-இல் முன்வைத்த அளவு அது. போகும் வழியில் வெற்றி வாய்ப்பையும் ஒப்புகை திரும்பும் வாய்ப்பையும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது. போக 50 விழுக்காடு, வர 50 விழுக்காடு உள்ள நீண்ட ஒற்றைத் தாவலின் செலவு 4. இருபுறமும் 95 விழுக்காடு உள்ள குட்டைத் தாவல்கள் இரண்டைச் சேர்த்தாலும் செலவு சுமார் 2.2. தாவல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ரூட்டிங், நீண்ட கெட்ட தாவலைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுக்கும். உங்கள் வலையமைப்பு எதைப் பார்க்கிறது என்று அமைப்புக் கோப்பைத் திறந்து உறுதிசெய்யுங்கள்.

2012-இல் ஆர்.எஃப்.சி. 6550 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த ஆர்.பி.எல். ரூட்டிங் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தாய் நோடு எத்தனை முறை மாறுகிறது என்பதை எண்ணுங்கள். அதற்கான விதிமுறையான ஆர்.எஃப்.சி. 6719, புதிய தாய் பழைய தாயைவிட 192 அலகாவது, அதாவது ஒன்றரை அனுப்பல் அளவுக்காவது, மலிவாக இருந்தால்தான் மாற வேண்டும் என்கிறது. யாராவது அந்த எண்ணைக் குறைத்துவைத்திருந்தால், நோடு இரண்டு தாய்களுக்கு இடையில் ஊசலாடும். அண்டை நோடுகளின் பட்டியல் மிகச் சிறியதாக இருந்தாலும் இதே கதைதான்: இடமில்லாமல் ஒரு நோடு வெளியே தள்ளப்பட, அதைப் பற்றிச் சேர்த்துவைத்த இ.டி.எக்ஸ். கணக்கும் அழிகிறது, மறுபடி சேரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

நோடுகள் தங்கள் வழித்தடத்தைப் பற்றி அண்டை நோடுகளுக்கு விடும் அறிவிப்புச் செய்திகளின் இடைவெளி இன்னொரு நல்ல சாட்சி. வலையமைப்பு அமைதியாக இருக்கும்போது அதை முடிவுசெய்யும் டிரிக்கிள் கடிகாரம் அந்த இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். கான்டிகியின் புதிய வடிவமான கான்டிகி-என்ஜியின் இயல்பான அமைப்பில் சுமார் 4 விநாடியில் தொடங்கி 17 நிமிடத்துக்கு மேல் நீளும். நாள் முழுவதும் அது 4 விநாடிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தால் எங்கோ முரண்பாடு ஓயவில்லை. எங்கள் பண்ணையில் ஒவ்வொரு மின்தடைக்கும் இப்படி ஆனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கேட்வே அணைந்து எழுந்தது; வேரான கேட்வே போனதும், அதிலிருந்து கிளைத்த மரம் முழுவதும், அதாவது எல்லா நோடும், தாயைத் தேடி அலைந்தது. கேட்வேக்கு ஒரு சிறிய பேட்டரி மாட்டியதோடு தீர்ந்தது.

பாக்கெட் வட்டமடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தரவுத் திரட்டலுக்கான சி.டி.பி. முறையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பாக்கெட் கடந்த தாவல்களின் எண்ணிக்கை அதற்குள்ளேயே இருக்கும். அதே அனுப்புநர், அதே வரிசை எண், அதே தாவல் எண்ணிக்கை என்றால் மறு அனுப்பலால் வந்த நகல். தாவல் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் பாக்கெட் சுற்றி வந்திருக்கிறது. ஆர்.பி.எல்.-இல், மேலே போக வேண்டிய பாக்கெட் தன்னைவிட மேலே இருக்கும் நோடிடமிருந்து வந்தால் நோடு அதை முரண்பாடு எனக் குறித்துவைக்கும். அதே பாக்கெட்டில் இரண்டாம் முறை நடந்தால் தூக்கியெறிந்துவிடும். அந்த எறிதல்களை எண்ணும் இடம் உங்கள் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று தேடிவையுங்கள்.

படி 7: மேலடுக்கும் மறுபடி அனுப்புகிறதா

சிறு கருவிகளுக்கான மேலடுக்கு முறையான கோஆப் நெறிமுறையில் உறுதிகேட்கும் செய்தி, பதில் வராவிட்டால் 2 முதல் 3 விநாடி பொறுத்து மீண்டும் போகும். அதிகபட்சம் 4 மறு அனுப்பல். கீழே தாவலுக்கு 4 முயற்சி, மேலே மொத்தம் 5 முயற்சி: மோசமான ஒரு தாவலில் ஒரே அளவு 20 முறை காற்றில் போகலாம். ரேடியோவை அணைத்து அணைத்து எழுப்பும் வலையமைப்பில் ஐந்து தாவல் போய்வரவே 2 விநாடிக்கு மேல் ஆகிவிட்டால், எதுவும் தொலையாமலே மேலடுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். போய்வரும் நேரத்தை அளந்து, காத்திருப்பை அதற்கு மேல் வையுங்கள்.

பாக்கெட்டைத் துண்டாக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். தாவலுக்கு 99 விழுக்காடு வெற்றி இருந்தாலும், நான்கு துண்டுகளும் ஐந்து தாவல் கடந்து முழுசாகச் சேரும் வாய்ப்பு 82 விழுக்காடுதான். ஒரே துண்டாக இருந்தால் 95. ஆக்சிஜன், வெப்பநிலை, கார அமில அளவு, பேட்டரி மின்னழுத்தம் எல்லாம் இருபது பைட்டில் அடங்கும். அவற்றை நீளமான எழுத்துச் சரமாக அனுப்புவது வேண்டாத சுமை.

படி 8: திருத்துங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று

ஒரு மாற்றம் செய்யுங்கள். குறைந்தது இரண்டு முழு இரவுகள் ஓடவிடுங்கள். முந்தைய எண்ணிக்கையோடு ஒரே மணி நேரத்தை ஒப்பிடுங்கள். ஆன்டெனாவையும் சேனலையும் ஃபர்ம்வேரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த குளத்திலும் மூன்றையும் செய்ய வேண்டிவரும்.

நாங்கள் செய்த வரிசை இது. இணைப்பிகளைத் துடைத்தோம், எண்கள் கொஞ்சம் நகர்ந்தன. கடைசிக் குளத்தின் கம்பத்தைச் சவுக்குக் கழியில் 3 மீட்டருக்கு உயர்த்தி, ஏரேட்டர்களின் நேர்க்கோட்டை விட்டு மூலைக்கு நகர்த்தினோம். பெரிய மாற்றம் அதில்தான் வந்தது. மதகின் மேல் அளவெடுக்காமல் கைமாற்றிவிட மட்டும் ஒரு நோடை வைத்து, நீண்ட தாவலை இரண்டாக உடைத்தோம். மறு அனுப்பல் வரம்பை மீண்டும் 3-க்கே இறக்கினோம். அதற்குப் பதிலாக ரூட்டிங் அடுக்கில், நான்கும் தோற்றால் அரை விநாடி முதல் சில விநாடி வரை தற்செயலாகக் காத்திருந்து ஒரேயொரு முறை மறுபடி முயலும்படி எழுதினோம். நீர்த்திரையோ வைஃபையின் கொட்டலோ ஓய அவ்வளவு நேரம் வேண்டும்.

எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் ஓர் இணைப்பு மட்டும் 30 விழுக்காடு தோல்வியோடு நின்றால், அப்போது அந்த ஒரு நோடுக்கு மட்டும் வரம்பை 4 அல்லது 5 ஆக்கலாம். வலையமைப்பு முழுவதற்கும் வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் சேனல், ஆன்டெனா உயரம், தாய் நோடின் எண், நல்ல நாளில் பதிவான சிக்னல் வலிமை, திறந்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து, சிலிக்கா ஜெல்லை மாற்றி, நள்ளிரவுக்கு மேல், எல்லா ஏரேட்டரும் ஓடும்போது, அந்த எண்களை மறுபடி எடுங்கள்.